மேல் சக்கரத்துப் பொட்டு

சாரல் காலத்தில் இரும்பைப் பிரித்துப் போடக்கூடாது. தெரிந்தும், குற்றாலத்தில் சீசன் தொடங்கி, ஐந்தருவிக்குப் போகும் வேன்கள் பட்டறை வாசலில் ஊர்ந்துகொண்டிருந்த ஆனி மாதத்தில்தான் நான் ஸ்பானரைக் கையில் எடுத்தேன். பெயிண்ட் சுரண்டிய இரும்பு அந்த ஈரத்தில் ஒரு இரவு தாங்காது. காலையில் போய்ப் பார்த்தால் மஞ்சளாகப் பூத்திருக்கும். துடைத்து, எண்ணெய் தடவி, பழைய வேட்டியில் சுற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், சுற்றினேனா இல்லையா என்று சந்தேகம் வந்துவிடும். பாதிச் சாப்பாட்டில் எழுந்து திரும்பப் போயிருக்கிறேன். சுற்றித்தான் வைத்திருப்பேன்.

பட்டறை என்னுடையது இல்லை. என் மனைவியின் தம்பியுடையது. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில், மேலகரம் தாண்டி ஒரு தகரக் கொட்டகை. கதவு, நிலை, ஜன்னல் செய்கிற இடம். அதன் நடுவில் ஒரு பழைய பேண்ட் சா. மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி பெல்ட் மாதிரி ஓடும் ரம்பப் பட்டை, இடையில் ஒரு மேஜை. மேஜையில் மரத்தை வைத்துத் தள்ளினால் அறுத்துக்கொண்டு போகும். ஆளைவிட உயரம், முழுக்க வார்ப்பிரும்பு. புனலூர்ப் பக்கம் மூடிப்போன ஒரு மர மில்லிலிருந்து, அவன் இளைஞனாக இருந்தபோது, லாரியில் ஆரியங்காவு வழியாகக் கொண்டுவந்தான். சீமையில் செய்தது. உடம்பில் வார்த்திருந்த ஆங்கில எழுத்துகளில் நான்குதான் மிச்சம். அந்த நான்கை வைத்து ஊர்ப்பெயர் கண்டுபிடிக்க முயன்று நான் பல சாயங்காலங்களை வீணாக்கியிருக்கிறேன்.

அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டின் பின்னறையில் இருந்தான். காலை, மதியம், இரவு மூன்று வேளையும் அவனுக்கு அக்கா சோறுதான். ஓய்வு பெறும்வரை எனக்கு அரசாங்கத்தில் அளவெடுக்கும் வேலை. சாலை, பாலம், கால்வாய் என்று நாடாவைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்விடுவேன். வீட்டில் அவர்கள் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டு சந்தோஷமாக இருந்தார்கள். எங்களுக்குக் குழந்தை இல்லை. அந்த வீட்டில் எப்போதும் மூன்று தட்டுதான்.

போன வருஷம் ஆயுத பூஜை முடிந்து, தீபாவளி வருவதற்குள் அவள் போய்விட்டாள். நெஞ்சுவலி. மருத்துவமனைக்குப் போகிற வழியிலேயே.

அதற்குப் பிறகு இரண்டு தட்டு. சமையல் நான் செய்தேன். எனக்கு மூன்று குழம்பு தெரியும், அதை மாற்றி மாற்றி வைத்தேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. காரியமெல்லாம் முடிந்ததும் சில நாள் பட்டறைக்குப் போனான். ஒருநாள் மதியமே திரும்பி வந்து, "மெஷின் போச்சு" என்றான். மேல் சக்கரம் இறுகி, புகை வந்து, நின்றுவிட்டதாம். கொட்டகையைப் பூட்டி, சாவியை அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பின்னறைக் கட்டிலில் படுத்தான். மார்கழி போனது, தை போனது, பங்குனி வெயில் வந்தது. அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். ஒரு நாளைக்கு எத்தனை சொல் பேசுகிறான் என்று எண்ண ஆரம்பித்தேன். 'ம்' என்பதையும் சேர்த்தால் பத்துக்குள். சட்டைக் காலர் கழுத்தைச் சுற்றித் தனியாக நின்றது. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு உடம்புக்கு ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லாமல் ஒரு ஆள் இப்படி இளைப்பானா? அவளைத் தூக்கிக்கொண்டு போன வழியில் இவனையும் தூக்கிக்கொண்டு போக வேண்டிவரும் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

மெஷின் ஓடினால் எழுந்து வருவான் என்று நினைத்தேன். வேறு வழி எனக்குத் தோன்றவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு போனேன். அவனிடம் சொன்னபோது சுவரைப் பார்த்தபடியே, "என்னமும் செய்ங்க" என்றான். மூன்று சொல் என்றுகூடச் சொல்ல முடியாது.

பிரிப்பதில் எனக்கு ஒரே ஒரு திறமைதான்: எதையும் தொலைக்க மாட்டேன். குற்றாலத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் விற்கும் கடையில் காலி பிளாஸ்டிக் ஜாடிகள் வாங்கினேன். ஒவ்வொரு ஜாடியிலும் எந்த இடத்துப் போல்ட் என்று எழுதி ஒட்டினேன். மண்ணெண்ணெய் இப்போது கிடைப்பதில்லை என்பதால் டீசலில் ஊறப்போட்டேன். போல்ட்டு, நட்டு, வாஷர், சாவித்துண்டு, ஸ்பிரிங், எல்லாம் சேர்த்து நூற்று நாற்பத்து மூன்று உருப்படி. ரம்பப் பட்டையைக் கழற்றியபோது, பாதி அறுபட்ட ஒரு வேங்கைப் பலகை அதில் மாட்டிக்கொண்டிருந்தது. அச்சன்புதூரில் வீடு கட்டியவர் நிலைக்குக் கொடுத்த ஆர்டர். அவர் எப்போதோ வேறு இடத்தில் வாங்கி நிலை வைத்து, பாலும் காய்ச்சிவிட்டார்.

பிறகு பெயிண்ட். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் மெஷினைத் துடைத்துப் புது பெயிண்ட் அடிப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம். பழையதைச் சுரண்டுவதில்லை, மேலேயே அடித்துவிடுவோம். பச்சைக்கு மேல் பச்சை, அதற்கு மேல் நீலம், மறுபடியும் பச்சை. எத்தனை அடுக்கு என்று எண்ணப் பார்த்தேன். பச்சையும் பச்சையும் எங்கே பிரிகின்றன என்று கண்ணுக்குத் தெரியாததால் விட்டுவிட்டேன். உளியால் தட்டினால் மாம்பழத் தோல் மாதிரி கனமாகப் பெயர்ந்து விழுந்தது. மேலடுக்கில் அங்கங்கே சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். மோட்டார் மேல், சுவிட்ச் பெட்டியில், மேஜையின் நான்கு மூலையில், இரண்டு சக்கர மூடியில். டீசல் துணியால் துடைத்தேன், போய்விட்டது. துடைக்கும்போது மனசில் ஒன்றும் தோன்றவில்லை. அழுக்கைத் துடைக்கிற மாதிரிதான் துடைத்தேன்.

பொட்டு வைப்பது அவள் வேலை. பூஜையன்று மதியம் புதுச் சேலை கட்டி, ஒரு கையில் சந்தனக் கிண்ணமும் இன்னொரு கையில் பொரிகடலைப் பையுமாக வருவாள். குள்ளம். மேல் சக்கரத்துக்கு எட்டாது. இவன் முக்காலியைக் கொண்டுவந்து போட்டுப் பிடித்துக்கொள்வான்.

"ஏல, முக்காலி ஆடுது. என்னயத் தள்ளி விட்டுட்டு சொத்தப் புடுங்கலாம்னு பாக்கியா?"

"ஒங்கிட்ட என்ன சொத்து இருக்கு? அந்த ஓட்டச் சட்டுவந்தான."

"அந்தச் சட்டுவத்தாலதான் ஒனக்கு மூணு வேள தோச வருது. ஒழுங்காப் புடி."

மேல் சக்கரத்துக்குப் பின்னால், அதன் அச்சைத் தாங்குகிற இரும்பு உறை ஒன்று உண்டு. தேங்காய் அளவு இருக்கும். அதன் உச்சியில் நாலணாக் காசளவுக்கு வட்டமாக ஒரு பள்ளம். அதுதான் மெஷினுக்கு நெற்றி என்பது அவள் கணக்கு. பெரிய பொட்டு அங்கேதான். மோதிர விரலால் சந்தனத்தை வழித்து அந்தப் பள்ளம் நிறைய வைத்து, அழுத்தி, நடுவில் குங்குமம் வைத்துவிட்டு, "இப்பத்தான் மூஞ்சி நல்லாருக்கு" என்பாள். நான் வாசலில் நின்று, பொட்டு ஒன்பதும் ஆயிற்றா என்று எண்ணிக்கொண்டிருப்பேன்.

எல்லாம் பிரித்தாயிற்று, அந்த உறை மட்டும் வரவில்லை. உள்ளே இருக்கும் கன்மெட்டல் வளையம், அதைப் புஷ் என்பார்கள், அச்சோடு சேர்ந்து இறுகிவிட்டது. உச்சிப் பள்ளத்தில் ஏதோ காய்ந்து அடைத்துக் கிடந்தது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தொடவில்லை. தென்காசியில் லேத் வைத்திருக்கும் ஒருவரைக் கூட்டிவந்து காட்டினேன். ஐம்பது வயதுக்காரர், வாயில் எப்போதும் ஏதாவது கிண்டல்.

"அண்ணாச்சி, இதுக்கு லேத்து வேண்டாம். சங்கு ஊதணும்."

"வழி இருக்கா இல்லையா, அதச் சொல்லு."

"இருக்கு. கேஸ் வச்சு நல்லாச் சூடு காட்டுனா இளகிக்கிடும், ரெண்டு தட்டு தட்டுனா அச்சு வெளிய வந்துரும். நாளைக்கு சிலிண்டரோட வாரேன். ஆனா ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடப்புடாது. இரும்புக் கடைக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்குனா என்ன?"

நாளைக்கு எத்தனை மணிக்கு வருவார் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் தட்டில் சோறு போட்டுக்கொண்டே, நாளைக்குச் சூடு வைத்து உறையைக் கழற்றப் போகிறோம் என்று சொன்னேன். அவன் பதில் சொல்வான் என்று எதிர்பார்த்துச் சொன்னதில்லை. அந்த வீட்டில் சும்மா இருந்தால் காது அடைக்கிறது, அதனால் சொன்னேன். அவன் கை தட்டிலேயே நின்றது.

"மேல் சக்கரத்து உறையா?"

"ஆமா."

"அதுக்குச் சூடு வைக்கக் கூடாது, அத்தான்."

"ஏன்? வார்ப்பு விண்டுருமா?"

"வைக்கக் கூடாதுன்னா வைக்கக் கூடாது." எழுந்து கை கழுவப் போய்விட்டான். எனக்கு எரிச்சலும் வந்தது, சந்தோஷமும் வந்தது. அத்தனை மாதத்தில் முதல்முறையாகக் குரலை உயர்த்தியிருக்கிறான்.

காலையில் நான் மொபெட்டை எடுக்கும்போது சட்டை போட்டு வாசலில் நின்றான். பின்னால் ஏறிக்கொண்டான். எடையே தெரியவில்லை. வண்டி மேலகரம் தாண்டும்வரை, பின்னால் ஆள் இருக்கிறானா என்று இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன்.

பட்டறைக்குள் வந்ததும் ஜாடிகளைப் பார்த்தான், சுவரோரம் துணி சுற்றிச் சாய்த்திருந்த சக்கரங்களைப் பார்த்தான். பிறகு மேஜையைத் தடவினான். இரும்பு வெள்ளையாக இருந்தது.

"பொட்டெல்லாம் எங்க?"

"பெயிண்டோட போச்சு. டீசல் போட்டுத் தொடச்சுட்டேன்."

அவன் என்னைப் பார்த்த பார்வையில்தான் எனக்கு விளங்கியது. அந்தப் பொட்டுகள் போன ஆயுத பூஜைக்கு வைத்தவை. அவள் விரலால் வைத்த கடைசிப் பொட்டுகள். ஒன்பதையும் எண்ணி நின்றவன் நான். அவற்றைத் துடைத்தவனும் நானேதான். பக்கத்தில் கிடந்த டீசல் துணியைப் பார்த்தேன். அதில் எல்லாம் ஒரே கறுப்பு.

அவன் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி உறையின் உச்சியைப் பார்த்தான்.

"இதத் தொட்டியளா?"

"இல்ல. என்னமோ அடச்சுக் கெடக்கு, கடைசில குத்தி எடுக்கலாம்னு விட்டுட்டேன்."

"நல்லவேள." இறங்கி, முக்காலியிலேயே உட்கார்ந்தான். "அத்தான், அது எண்ணெ விடுத ஓட்ட."

எனக்குச் சட்டென்று புரியவில்லை.

"அந்தப் பள்ளத்துக்கு அடியில ஒரு ஓட்ட இருக்கு. அது வழியாத்தான் புஷ்ஷுக்கு எண்ணெ போவணும். அக்கா வருசா வருசம் அதுல சந்தனத்த வச்சு அமுக்கிருவா. எத்தன வருசமா! வேண்டாம்னு சொல்ல முடியுமா? அவளுக்கு அது நெத்தி. பூச முடிஞ்சு மெஷின ஓட்டுததுக்கு முன்னால சைக்கிள் கம்பிய வச்சு நோண்டி எடுத்துருவேன். அவளுக்குத் தெரியாது. 'என்னல, பொட்டு அதுக்குள்ள போச்சு'ன்னு கேப்பா. எலி நக்கிட்டுப் போயிட்டும்பேன்."

"போன வருஷம்?"

"பூச முடிஞ்சு நாலு நாளு லீவு விட்டேம்லா. அதுக்குள்ள..." நிறுத்தினான். "காரியம் முடிஞ்சு வந்து கம்பிய எடுத்தேன், அத்தான். கை வரல. பொட்டு அப்படியே இருந்துச்சு, அவ வெரல் ரேக தெரியுது. ஒரு பலக அறுக்கதுக்குள்ள என்ன ஆயிரப் போவுதுன்னு ஓட்டுனேன். அடுத்த பலக. பெறவு அடுத்தது. பொக வந்தப்பவும் எனக்குத் தெரியும், எதனாலன்னு."

வெளியே வேன்காரன் ஒருவன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். சாரல் தகரத்தில் விழுவதும் கேட்டது. நான் முக்காலியில் ஏறிப் பார்த்தேன். பள்ளத்தில் சந்தனம் காய்ந்து விண்டிருந்தது. நடுவில் குங்குமம் கறுத்துப்போயிருந்தது. ஒரு ஓரத்தில் வளைவாகச் சில கோடுகள். என் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். ஐந்து கோடுகள் எண்ண முடிந்தது. ஆறாவது இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

அவளுடைய புகைப்படம் வீட்டில் இருக்கிறது. சேலைகள் இருக்கின்றன. ஆனால் அவள் கை பட்ட இடம் என்று பட்ட மாதிரியே இருப்பது அது ஒன்றுதான். அதை எடுத்தால்தான் மெஷின் ஓடும். மெஷின் ஓடாவிட்டால் இவன் மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவான்.

"பக்கத்துல வேற ஓட்ட போட்டா என்ன?" என்று கேட்டேன். கேட்டது அளவெடுக்கும் புத்திதான். "சாய்வா. புது புஷ்தான போடப் போறோம், அதுல எண்ணெ வாய்க்கால நமக்குத் தக்கன வெட்டச் சொல்லிருவோம். பழைய ஓட்ட அப்படியே கெடக்கட்டும்."

அவன் உறையின் பக்கத்தை விரலால் தட்டிப் பார்த்தான். "வார்ப்பு தாங்குமா?"

"தாங்கும். கனம் இருக்கு. அளந்துட்டேன்."

அளக்கவில்லை. பிறகுதான் அளந்தேன்.

சூடு வைக்காமல் அச்சைக் கழற்றுவதற்குள் ஆடி பிறந்துவிட்டது. பொட்டில் படாமல் இரு பக்கத்திலிருந்தும் டீசலைச் சொட்டுச் சொட்டாக விட்டோம். மரக்கட்டையை வைத்துத் தட்டினோம், விட்டோம், தட்டினோம். அவன் தினமும் வந்தான். ஒருநாள் என் குழம்பைப் பற்றி, "இதுக்கு டீசலே தேவல" என்றான். சொல் எண்ணுவதை நான் நிறுத்திவிட்டேன். அச்சு ஒரு நூல் நகர்ந்த அன்று இரண்டு பேரும் போய் டீ குடித்தோம்.

உறையை அவளுடைய பழைய சேலைத் துணி ஒன்றில் சுற்றி, மொபெட்டில் அவன் மடியில் வைத்துக்கொண்டு லேத்துக்குப் போனோம். ரோட்டுக் குழி ஒவ்வொன்றுக்கும் அவன் என் தோளில் தட்டினான். லேத்துக்காரர் உடைந்த புஷ்ஷை எடுத்துப் போட்டுவிட்டு, உறையைச் சுத்தம் செய்யக் காற்றுக் குழாயை எடுத்தார். நான் கத்திய கத்தலில் பக்கத்து டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, கரண்டுல கை வச்ச மாரி கத்துதிய?"

"அந்த ஓட்டைல ஊதாத. பக்கத்துல சாய்வாப் புதுசு ஒண்ணு போடு."

"இருக்க ஓட்டயக் குத்துனா அஞ்சு நிமிசத்து வேல. கண்ணுல தூசி விழுந்துட்டுன்னு பக்கத்துல இன்னொரு கண்ணு வைக்கச் சொல்லுத மாரில்லா இருக்கு. வயசானா எல்லாரும் இப்படித்தான் ஆயிருவாவளோ?"

"அது எங்க அக்கா வச்ச பொட்டுப்பா" என்றான் இவன்.

லேத்துக்காரர் குழாயை ஆணியில் மாட்டினார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். ஒரு துண்டு கறுப்பு டேப்பைக் கிழித்துப் பொட்டின் மேல் படாமல் பள்ளத்தின் விளிம்பில் கூடாரம் மாதிரி ஒட்டினார். பிறகு துளை போட்டு, புது புஷ்ஷும் ஏற்றி முடிக்கும்வரை வாயே திறக்கவில்லை. வெளியே வந்து வழியனுப்பும்போது மட்டும், "எங்க அம்மா தையல் மெஷினுக்கு வைப்பா" என்றார்.

டேப்பை மெல்ல உரித்துவிட்டு எல்லாவற்றையும் திரும்பப் பூட்டியபோது ஒரு வாஷர் மிஞ்சியது. நூற்று நாற்பத்து மூன்றில் எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எந்த ஜாடியிலும் பொருந்தவில்லை. "வாஷர்தான அத்தான், தலையா மிஞ்சிட்டு?" என்று அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓடும்போது எது கழன்று யார் மேல் விழும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவன் புதுத் துளையில் எண்ணெய் விட்டான். பாதியில் நின்ற அந்த வேங்கைப் பலகையையே எடுத்து மேஜையில் வைத்தான். சுவிட்சைப் போட்டதும் மெஷின் முதலில் முனகியது, பிறகு குரல் எடுத்தது. கொட்டகை முழுக்க அதிர்ந்தது. அவன் பலகையைத் தள்ளினான். வேங்கைத் தூள் செம்மஞ்சளாகப் பொழிந்தது. நான் சக்கரத்தைப் பார்த்தேன், போல்ட்டுகளைப் பார்த்தேன், ஒவ்வொன்றாக எண்ணினேன், எதுவும் ஆடவில்லை. அப்புறம் உறையின் உச்சியைப் பார்த்தேன்.

பொட்டு நடுங்கிக்கொண்டிருந்தது. முதலில் ஒரு ஓரம் உதிர்ந்தது. டீசலோ அதிர்வோ, எதனால் என்று தெரியவில்லை. மாதக்கணக்கில் காய்ந்த சந்தனம் எதைத் தாங்கும்? நான் கையைத் தூக்கினேன். அவன் என் கையைப் பார்த்தான், நான் பார்க்கிற இடத்தைப் பார்த்தான். பலகையில் இன்னும் இரண்டு அடி பாக்கி. சுவிட்ச் அவன் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவன் அணைக்கவில்லை. தலையைக் குனிந்து பலகையைத் தள்ளிக்கொண்டே இருந்தான். அறுத்து முடிந்து பலகை இரண்டாகப் பிரிந்து விழுந்தபோது பள்ளம் காலியாக இருந்தது. அதன் அடியில், பென்சில் பருமனில், எண்ணெய் விடுகிற பழைய துளை திறந்திருந்தது.

சக்கரம் நின்றதும் நான் தரையில் உட்கார்ந்து தேடினேன். வேங்கைத் தூளின் நிறமும் காய்ந்த சந்தனத்தின் நிறமும் ஒன்றாகத்தான் இருக்கின்றன. சிவப்பாகத் தெரிந்ததையெல்லாம் உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தேன். மரமா குங்குமமா என்று சொல்ல முடியவில்லை. முகர்ந்து பார்த்தேன். டீசல் வாடைதான் வந்தது.

"விடுங்க அத்தான்" என்றான். பிறகு எண்ணெய்க் குப்பியை எடுத்து, முக்காலியில் ஏறி, பழைய துளையிலும் ஒரு சொட்டு விட்டான். இறங்க அவனுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. முக்காலி ஆடியது. நான் பிடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவன் தினமும் பட்டறைக்குப் போகிறான். ஆர்டர் இரண்டு வந்திருக்கிறது. மரத்தூளைச் சாக்கில் கட்டி வைத்தால் கோழிப் பண்ணைக்காரர் வாரம் ஒருமுறை வந்து எடுத்துப்போவார். அன்று விழுந்த தூளை நான் தென்னை விளக்குமாற்றால் ஓரம்வரை கூட்டி, தனிச் சாக்கில் அள்ளினேன். அவன் கோணூசியால் வாயைத் தைத்து மூலையில் வைத்தான். போன வாரம் வந்தபோது பண்ணைக்காரர் அதையும் கேட்டார். அது வேறு ஒருவருக்குச் சொல்லியாகிவிட்டது என்று அவன் சொன்னான். அவர் மற்ற ஐந்து சாக்கையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.